பட்டாளத்துப் பெட்டியைத் திறக்கும் முன்: போர்வீரரின் பொருள்களையும் நாட்குறிப்பையும் சேகரிப்பவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று வழி சொல்லப்படும் வீடு பல ஊர்களில் உண்டு. அந்த வீட்டுப் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டி கிடக்கும். உள்ளே ஒன்றிரண்டு மெடல், டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த புத்தகம்), பழுப்பேறிய கடிதக்கட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் பாக்கெட் அளவில் ஒரு நோட்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். இது தவிர நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் பிழைக்கப் போய், அங்கே நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவர்களின் பெட்டிகளும் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன. 1962, 1965, 1971 போர்களுக்குப் போனவர்களின் பெட்டிகள் இன்னும் அதிகம்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது மெடலை. பர்மா ஸ்டார் என்ற பர்மாப் போர்முனை மெடல் லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டது. தனியாகக் கிடைத்தால் அதை வைத்து அதிகம் சொல்ல முடியாது. அதே ஸ்டார், அதே ஆளின் டிஸ்சார்ஜ் புக், அவர் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிய கணக்கு நோட்டு மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரு மனிதரின் நான்கைந்து வருடம் கையில் இருக்கிறது. ஆகவே கீழே வரும் எல்லாமே ஒரே நோக்கத்துக்காகத்தான்: எதோடு எது இருந்ததோ, அந்தச் சேர்க்கை கலையக்கூடாது.

எப்போது போவது

பங்குனி, சித்திரை நல்ல காலம். சம்பா அறுவடை முடிந்திருக்கும், காற்றில் ஈரம் குறைவு, பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் வீட்டில் ஆள் பிடிப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய காகிதத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு மார்கழி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்வார்கள். போகியன்று பழைய காகிதம் முதலில் நெருப்புக்குப் போகும். மார்கழிக் கடைசி வாரத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பல கட்டுகள் தப்பும். பித்தளை, தகரம் எல்லாம் அதே வாரத்தில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விடும் என்பதால் அவரிடமும் சொல்லி வைப்பது உண்டு. ஆனால் அங்கே கிடைக்கும் பொருளுக்கு 'யாருடையது' என்ற பதில் கிடைக்காது.

கேட்கும் முறை

சொந்த வீடாக இருந்தால் "அப்பாயி, தாத்தா பெட்டியக் கொஞ்சம் பாக்கட்டுமா? எதையும் எடுத்துட்டுப் போவல, இங்கயே வச்சு போட்டோ எடுத்துக்கறேன்" என்று தொடங்குவது போதும். அடுத்த வீடாக இருந்தால் அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள். முதல் நாளே விலை பேசாதீர்கள். விலை என்ற சொல் வந்தவுடன், அதுவரை பரணில் கிடந்த பெட்டி பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

மெடல்களை மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டிருப்பது சாதாரணம். மூத்தவரிடம் ஸ்டார், இளையவரிடம் வார் மெடல், மகள் வீட்டில் போட்டோ. ஒன்றுசேர்க்க முயன்று பங்காளிச் சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு விசேஷ நாளில் எல்லாவற்றையும் ஒரே வெள்ளை வேட்டியில் பரப்பி ஒரு படம் எடுத்துவிட்டு, எது யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வைத்தால் வேலை முடிந்தது.

பெட்டி திறந்த முதல் ஒரு மணி நேரம்

எதையும் துடைக்காதீர்கள், வெளியே கொட்டாதீர்கள்.

முதலில் மூடிய பெட்டியைப் படம் எடுங்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண், பதவி, பெயர், யூனிட் எழுதியிருப்பார்கள். பிற்பாடு யாராவது மேலே பச்சையோ நீலமோ அடித்திருந்தாலும் பழைய எழுத்தின் மேடு அடியில் நிற்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மூடிக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து அடித்தால் எழுத்து நிழலாகத் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பெயிண்டைச் சுரண்டிப் பார்ப்பவர்கள் இரண்டு எழுத்தையும் சேர்த்து இழக்கிறார்கள்.

பிறகு திறந்து, மேலிருந்து அடுக்கு அடுக்காகப் படம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள்: முதல் பெட்டியின் மூன்றாவது பொருள் என்றால் 'பெ1-03'. எண்ணைச் சீட்டில் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள்; பொருளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. ரப்பர் பேண்ட் நம் வெக்கையில் சில வருடத்தில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். அதற்கும் காகிதத்துக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டு மெதுவாகக் கழற்றினால் காகிதம் கிழியாது.

நோட்டுப் பதிவேட்டில் ஐந்து விவரம் போதும்: என்ன பொருள், அளவு, மேலே என்ன எழுதியிருக்கிறது, யார் கொடுத்தார், அவர் அதைப் பற்றிச் சொன்னது என்ன. கடைசி விவரத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "இது எம்டன் குண்டுத் துண்டு" என்று சொல்லிப் பல வீடுகளில் இரும்புத் துண்டு காட்டுவார்கள். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சுட்டது சென்னைத் துறைமுகப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளை. துண்டு தஞ்சாவூருக்கு வந்திருக்கக்கூடாது என்றில்லை. 'சொன்னார்' என்று எழுதுங்கள், 'ஆகும்' என்று எழுதாதீர்கள்.

படைவீரர் எண்தான் சாவி

டிஸ்சார்ஜ் புக்கில் எண், பதவி, தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த தேதி, அங்க அடையாளம், வாங்கிய மெடல்கள் எல்லாம் இருக்கும். பெயரை நம்பித் தேடாதீர்கள். ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். எண் எளிதில் மாறாது, பதவி உயர்வில் ஜூனியர் கமிஷண்டு ஆபீசர் ஆனால் புது எண் வரும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். பழைய காகிதத்தில் 'டாஞ்சூர் டிஸ்ட்ரிக்ட்' என்று இருந்தால் அது இன்றைய தஞ்சாவூர் மட்டும் இல்லை. நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும் பிரிந்தவை. அதற்கு முன் எல்லாம் ஒன்று. மயிலாடுதுறை 'மாயவரம்' என்றும், நாகை 'நெகபட்டாம்' என்றும் இருக்கும்.

மெடலைப் படிப்பது

இரண்டாம் போரின் ஸ்டார்கள் ஆறு முனை கொண்டவை. நடுவில் ஆறாம் ஜார்ஜின் எழுத்துச் சின்னம், அதைச் சுற்றிய வளையத்தில் எந்தப் போர்முனை என்ற பெயர். வார் மெடலின் பின்பக்கம் சிங்கம் ஒரு டிராகன் மேல் நிற்கும். இந்தியா சர்வீஸ் மெடலின் பின்பக்கம் இந்திய வரைபடம், கீழே 1939-45. முதல் போரின் வட்ட மெடல்களில் விளிம்பைப் பாருங்கள்: எண், பதவி, பெயர், யூனிட் பொறித்திருக்கும். பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி என்பதால் உருக்கக் கொடுக்கப்பட்டவை ஏராளம். அதே மெடல் வெண்கலத்தில் இருந்தால் போலி என்று தள்ளாதீர்கள். லேபர் கோர் என்ற தொழிலாளர் படை ஆட்களுக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பெட்டியில் 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்கு பூர்வி ஸ்டார், பஷ்சிமி ஸ்டார், சங்ராம் மெடல் வரும். பூர்வி என்றால் கிழக்கு, பஷ்சிமி என்றால் மேற்கு. அந்த ஆள் வங்காளப் பக்கம் இருந்தாரா பஞ்சாப் பக்கமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சட்டைத் தோளில் தைத்த துணிச்சின்னம் மெடலை விடத் துல்லியமாகப் பேசும். கறுப்புப் பூனை 17-வது இந்திய டிவிஷன், குத்துவாள் 19-வது, இரண்டும் பர்மா. சிவப்புக் கழுகு 4-வது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி. பூச்சி அரித்த சட்டையைத் தூக்கிப் போடும்போது தோளைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

மெடலைத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குத் தேய்க்கிற பழக்கத்தில் நம் வீடுகளில் கை தானாகப் புளிக்குப் போகும். வெள்ளி என்றால் விபூதிக்கு. புளியின் அமிலம் மேல்படலத்தை உரித்துவிடும், அடுத்த மழையில் பச்சை பிடிக்கும். விபூதி தேய்த்துத் தேய்த்து விளிம்பெழுத்து மழுங்கும். பெயர் போன மெடல் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பிராஸ்ஸோவும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அந்த மெடலைத் தனியாக எடுத்து உலர் பெட்டியில் வையுங்கள். ரிப்பனைத் துவைக்காதீர்கள், சாயம் கலங்கும்.

காற்றுப் புகாத 10 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் சிலிகா ஜெல் என்பது உலோகத்துக்கு நல்ல கணக்கு. நிறம் மாறினால் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீலநிறத்தில் கோபால்ட் இருப்பதால் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். மெடலைப் பி.வி.சி. கவரில் போட்டால் பிளாஸ்டிக் கசிந்து பச்சைப் பிசுக்கு ஏறும். கஞ்சியும் நீலமும் போடாமல் அலசிய பழைய வேட்டித் துணியில் சுற்றுவது அதைவிட மேல்.

மலேயா, ஐ.என்.ஏ. பெட்டிகள்

இங்கே எச்சரிக்கை அதிகம் வேண்டும். ஜப்பான்காரன் காலத்து மலேயா நோட்டுகளில் பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருக்கும்; அதனால்தான் வாழைப்பழ நோட்டு என்று பெயர். எம் என்ற எழுத்தில் தொடங்கினால் மலேயா, பி என்றால் பர்மா. கட்டுக்கட்டாக அச்சிடப்பட்டது, பெரிய விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஆசாத் ஹிந்த் பாங்க் நோட்டு, பாயும் புலி பேட்ஜ் இரண்டிலும் போலி மலிந்து கிடக்கிறது.

உண்மையான சான்று பெரும்பாலும் அழகில்லாத காகிதத்தில் இருக்கும். தியாகி பென்ஷன் விண்ணப்பம், கூட இருந்த கைதி கொடுத்த சான்றிதழ், 1972-ல் தியாகிகளுக்குக் கொடுத்த தாமிரப் பத்திரம். பென்ஷன் கோப்பைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். அந்த ஆளே தன் கதையைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டது அதில்தான் இருக்கும்.

காகிதத்தில் 2603 என்று வருடம் இருந்தால் குழம்ப வேண்டாம். அது ஜப்பானிய ஆண்டு. 660-ஐக் கழித்தால் 1943.

நாட்குறிப்பு

போர்முனையில் டைரி எழுதுவது தடை செய்யப்பட்டிருந்தது. பிடிபட்டால் எதிரிக்குத் தகவல் போகும் என்பது காரணம். ஆகவே தேதி போட்டுப் பக்கம் பக்கமாக எழுதிய டைரியை எதிர்பார்க்காதீர்கள். கிடைப்பது கணக்கு நோட்டு: மணியார்டர் அனுப்பியது, கூட்டாளிக்குக் கடன் கொடுத்தது, நண்பர்கள் விலாசம், எழுதிப் பழகிய கையெழுத்து, நடுவில் சாமி பாட்டு. "ஒண்ணுமில்ல, வெறும் கணக்கு" என்று வீட்டார் ஒதுக்குவார்கள். மணியார்டர் வரிகள்தான் தேதிக்குச் சிறந்த சாட்சி. வீட்டில் மணியார்டர் கூப்பன் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டில் எழுதிய நாளுக்கும் கூப்பன் முத்திரைக்கும் உள்ள இடைவெளி அவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதற்கும் ஒரு குறிப்பு.

ஊர்ப் பெயருக்குப் பதில் கடிதங்களில் எஃப்.பி.ஓ. எண் மட்டும் இருக்கும். அந்தக் களத் தபால் நிலையம் எந்த மாதம் எங்கே இருந்தது என்ற பட்டியல்கள் தபால்தலைச் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கும். அவர்களிடம் காட்டும்போது உறையிலிருந்து ஸ்டாம்பைக் கிழித்து எடுக்க விடாதீர்கள். சென்சார் முத்திரையும் சேர்ந்து போய்விடும்.

படிப்பதில் வரும் சிக்கல்கள் சில. தமிழ் வருடப் பெயர்: 1939 சித்திரையில் தொடங்குவது பிரமாதி, பிறகு விக்கிரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, 1945 பார்த்திப. தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும்: சுபானு மாசி என்றால் 1944 பிப்ரவரி, மார்ச். ணை, லை, னை எழுத்துகள் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் கொம்பு போட்டு இருக்கும். பட்டாளத்தில் ஆங்கில எழுத்தில் உருது கற்பித்ததால் தமிழ் வரிக்குள் அந்தச் சொற்கள் வரும்: 'ரெண்டு மாசம் சுட்டி' என்றால் இரண்டு மாத விடுப்பு. பார்த்தெழுதும்போது பிழையைத் திருத்தாதீர்கள், தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டு அடுத்த வரிக்குப் போங்கள். இருபது பக்கம் தள்ளி அதே சொல் தெளிவாக வரும்.

படம் எடுக்க ஸ்கேனர் கட்டாயமில்லை. நோட்டை 180 டிகிரிக்கு மல்லாத்தினால் தையல் போகும். 120 டிகிரிக்கு மேல் விரிக்காமல் இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை அணையாக வையுங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் நேர்வெயில் படாத ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் பக்கத்துக்கு நேர் இணையாகப் பிடித்து, ஓரத்தில் ஒரு ஸ்கேல் தெரியும்படி எடுங்கள். வெற்றுப் பக்கம், அட்டை, அட்டையின் உள்பக்கம் எதையும் விடாதீர்கள்; விலாசங்கள் பெரும்பாலும் கடைசி அட்டையில் இருக்கும். ஸ்கேனர் இருந்தால் 400 முதல் 600 டிபிஐ. பக்க எண்ணை 2பி பென்சிலில் மூலையில் சின்னதாகப் போட்டு, கோப்புக்கும் அதே எண்ணை வையுங்கள்: 'பெ1-03-பக்012'. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். நாகைக் கடலோரத்தில் 2018 நவம்பர் 16 கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும்.

தண்ணீர், பூச்சி, லேமினேஷன்

அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட காப்பியிங் பென்சில் உலர்ந்திருக்கும்போது சாதாரணச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகி மொத்தமாகப் பரவிவிடும். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவரிடம் நோட்டைக் கொடுக்காதீர்கள்.

நனைந்த கட்டு கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைக்க வேண்டாம், சுருண்டுவிடும். அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தைத் தாள்களுக்கு இடையில் வைத்து, நேராகப் படாமல் ஃபேன் ஓடவிட்டு, சில மணிக்கொரு முறை மாற்றுங்கள்.

இராமபாணமும் கரையானும் நம் ஊருக்குப் பொது. அந்துருண்டை போட்டால் வாசனையோடு சேர்ந்து பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கற்பூரம் சேர்த்து இடித்துத் துணி முடிச்சாக வைக்கும் முறை உண்டு. அதை வீட்டிலும் செய்யலாம், முடிச்சு காகிதத்தைத் தொடாமல் பெட்டி மூலையில் இருக்க வேண்டும். வேப்பிலையை நேராகப் பக்கங்களுக்கு நடுவில் வைத்தால் கறை பிடிக்கும். பூச்சி ஏற்கெனவே உள்ளே இருந்தால் நோட்டை ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்து, ஒரு முழுநாள் அறைச் சூட்டுக்கு வரும்வரை கவரைத் திறக்காமல் இருங்கள். சீக்கிரம் திறந்தால் வியர்த்து நனையும்.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும். சில நூறு ரூபாய்க்கு ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கிப் பீரோவுக்குள் வையுங்கள். தரையோடு ஒட்டிய தட்டு, வெளிச்சுவரை ஒட்டிய தட்டு இரண்டும் வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய நாசம் லேமினேஷன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை லேமினேட் செய்துவிடுவார்கள். சூட்டில் மை மங்கும், பசை காகிதத்துக்குள் இறங்கும், திரும்ப எடுக்க முடியாது. செய்தாகிவிட்டது என்றால் பிரிக்க முயலாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு அப்படியே விடுங்கள். செல்லோ டேப்புக்கும் இதே கதி.

தொடக்கூடாதவை

தோட்டா கிடைத்தால் அடிப்பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். நடுவட்டத்தில் சுட்டதற்கான குழி இருந்தாலும் முன்னால் குண்டு நிற்கிறது என்றால் அது வெடிக்காமல் போனது, இன்னும் வெடிக்கக்கூடியது. லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தாவுடையது என்பது பதில் ஆகாது. கையெறி குண்டு, ஷெல் (பீரங்கிக் குண்டு) எதுவானாலும் இருந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கி, 112-க்குச் சொல்லுங்கள். ஷெல் உறையில் செய்த பூச்சாடிகள் வேறு. அவை வெறும் பித்தளை. பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) ஆயுத விதிகளில் பெயர் சொல்லியே வருகிறது, ஆகவே வீட்டைவிட்டு நகர்த்தும் முன் காவல் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பாருங்கள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டு தாண்டினால், பிற பொருள் 100 ஆண்டு தாண்டினால் தொல்பொருள் ஆகலாம். அதைத் தனியார் வெளியே அனுப்ப முடியாது. இரண்டாம் போர்க்கால நாட்குறிப்புகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

மேலும் தேட

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எண் போட்டுத் தேடுங்கள். அது 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்களைச் சேர்க்கும். கல்லறை இல்லாதவர்களின் பெயர் ரங்கூன், சிங்கப்பூர், பாஸ்ரா நினைவுச் சின்னங்களில் இருக்கும்.

உயிரோடு திரும்பியவர்களுக்கு ரெக்கார்ட் ஆபீஸ்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர். விண்ணப்பத்தில் எண், பதவி, சேர்ந்த வருடம், நெருங்கிய உறவு என்பதற்குச் சான்று வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் எந்த முகவரிக்கு எழுதுவது என்று சொல்வார்கள். ஐ.என்.ஏ. கோப்புகளுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம்.

நாட்குறிப்பில் மற்ற வீட்டாரின் பெயரும், அவர்கள் வெளியே சொல்லாத விஷயங்களும் இருக்கும். உயிரோடு இருப்பவர்களைத் தொடும் பக்கங்களைக் குடும்பம் படித்து ஒப்புக்கொள்ளாமல் வெளியிடாதீர்கள். சுதந்திரத்துக்குப் பிந்தைய பெட்டியில் ராணுவ வரைபடமோ ஆணைக் காகிதமோ இருந்தால் அதைப் படம் எடுத்துப் பரப்ப வேண்டாம்.

பொருளை நிரந்தரமாக வாங்கிக்கொள்வதானால் இரண்டு பிரதியில் ஒரு கடிதம்: என்னென்ன பொருள், அவற்றின் எண், அன்பளிப்பா விலைக்கா இரவலா, நாட்குறிப்பை அச்சிட அனுமதி உண்டா இல்லையா, தேதி, இரு தரப்புக் கையெழுத்து, ஒரு சாட்சி. இரவல் என்றால் திருப்பும் தேதியையும் எழுதுங்கள். ஒரு பிரதி அந்த வீட்டில், ஒன்று உங்கள் பதிவேட்டில்.